பூக்குழிக்குப் போட்ட மூடி

பழக்கூடையைப் பார்த்ததுமே புனிதா வாசலிலேயே நின்றுவிட்டாள். கிள்ளான் நகரத்து மருத்துவமனை வார்டில் அவளுடைய அக்கா ரமணி மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் புனிதாவின் முதலாளி ராதாகிருஷ்ணன் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார். கையில் மினுமினுக்கும் தாள் சுற்றிய பெரிய கூடை, அதன் நெற்றியில் கம்பெனி ஸ்டிக்கர். ஸ்டிக்கர் நேராகத் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக் கூடையைத் திருப்பி வைத்துவிட்டு, வழியில் போன நர்ஸிடம் தன் போனை நீட்டினார்.

“சிஸ்டர், ஒரு படம் லா. அந்த டியூப் நல்லாத் தெரியணும்.”

நர்ஸ் எடுத்துக் கொடுத்தாள். படம் சரியாக வந்திருக்கிறதா என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் கூடையின் தாளைக் கிழித்து, நோயாளிக்கு வாங்கி வந்த திராட்சையில் ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

ரமணிக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் ஆயா வேலை பார்க்கிறவள் அவள். இத்தனை பெரிய மனிதர் தன்னைத் தேடி வந்ததே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

“புனிதா, சார் எல்லாம் சொன்னாரு. மொத மொத புகையப் பாத்துச் சொன்னது ஒன்னோட மெஷின்தானாமே. அது மட்டும் இல்லன்னா நான் அங்கயே போயிருப்பேனாம்.”

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. கட்டிலோரம் இருந்த கிண்ணத்தை எடுத்துத் துப்பினாள். சளி கறுப்பாக இருந்தது. இன்னும் கொஞ்ச காலத்துக்கு இப்படித்தான் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராதாகிருஷ்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, இன்னொரு திராட்சையை எடுத்தார்.

மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. அது புனிதாவுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி கதவை உடைக்கிற மாதிரி தட்டியதில்தான் ரமணி எழுந்தாள். மெஷின் சொல்லித்தான் அவள் வந்து தட்டினாள் என்று ரமணி நம்பிவிட்டாள். இப்போது அக்காவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லப் புனிதாவுக்கு வாய் வரவில்லை. வாய் வராததற்குக் காரணம் வேறு. அந்த மெஷினின் கண்ணைக் கட்டியதில் அவளுடைய கையும் இருந்தது.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவர்களுடைய ஆபீஸ். கீழிருந்து ரப்பர் வாடை எந்நேரமும் மேலே வரும். உயரமான இரும்புக் கம்பங்களில் கேமராவைப் பொருத்தி, காட்டுத் தீயின் புகையை முளையிலேயே கண்டுபிடித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் அமைப்பை அங்கேதான் செய்தார்கள். டீப் லேர்னிங் என்று ராதாகிருஷ்ணன் மேடைக்கு மேடை முழங்குகிற சங்கதியின் அடியில் புனிதாவின் முதுகுவலி கிடந்தது. ஆயிரமாயிரம் படங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் புகை எது என்று கட்டம் போட்டுக் காட்டியவள் அவள். காலை மூடுபனி மொத்தமாகத் தரையிலிருந்து கிளம்பும். எண்ணெய் ஆலையின் நீராவி கொஞ்ச தூரம் போனதும் காணாமல் போகும். புகைக்கு மட்டும் ஒரு காலுண்டு. ஒரே இடத்தில் ஊன்றி நின்றுகொண்டு மேலே ஆடும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அந்த மெஷின் கற்றுக்கொண்டது. நன்றாகவே கற்றுக்கொண்டது.

முதல் கேமரா பந்திங் பக்கத்தில் ரமணி குடியிருக்கிற செம்பனைத் தோட்டத்தில் வைக்கப்பட்டது. தோட்டத்துக்குப் பின்னால் கம்புட் நிலம். இலையும் வேரும் காலங்காலமாக மக்கிக் கிடக்கும் கறுத்த சதுப்பு மண் அது. வெயில் காலத்தில் காய்ந்துவிட்டால் தீ மண்ணுக்கடியிலேயே புகைந்துகொண்டு ஊர்ந்து போகும். மேலே கொழுந்து தெரியும்போது பாதி நிலம் உள்ளுக்குள் வெந்திருக்கும். முதல் புகை நூலாக எழும்பும்போதே பிடித்தால் ஒரு லோரித் தண்ணீர் போதும். அந்த நூலைப் பிடிக்கத்தான் இத்தனை பாடும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி வரும்வரை.

ரமணிக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. அது ஒரு வருஷம் வராமல் இருந்தால் பூ மிதிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். வரவில்லை. மஞ்சள் சேலை கட்டி, விரதம் இருந்து, கையில் வேப்பிலையோடு அவள் வரிசையில் நின்றாள். கோயில் முன்னால் பூக்குழியில் கட்டைகள் எரிந்து தணலாகிக்கொண்டிருந்தன. கம்பத்தின் மேலிருந்த கேமரா புகையைப் பார்த்தது. அலறியது. அலறினால் தோட்டத்தின் தண்ணீர் லோரி உடனே புறப்பட வேண்டும் என்பது நிர்வாகத்தின் கட்டளை. டிரைவர் வேலைக்குப் புதிது. உடுக்கைச் சத்தம், கூட்டம், கையை ஆட்டித் தடுத்த ஜனம், எதையும் பொருட்படுத்தாமல் குழாயைத் திறந்து பூக்குழி முழுக்கத் தண்ணீரை அடித்துத் தள்ளிவிட்டார். அடித்த கையோடு, அணைந்த நெருப்பைப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியும் வைத்தார். சிஸ்டம் படம் கேட்டது, பாவம்.

பூக்குழி கரிச்சேறாகிவிட்டது. சாமி வந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அங்கிருந்தே ரமணி போன் போட்டாள். அழுதுகொண்டே திட்டினாள். “ஒன் மெஷினுக்கு ஆத்தா நெருப்புக்கும் காட்டு நெருப்புக்கும் வித்தியாசம் தெரியாதாடி? திரும்பக் கட்டை அடுக்குறாங்க. இன்னொரு வாட்டி லோரி வந்துச்சு, அப்புறம் என் மூஞ்சிலயே முழிக்காத.”

அடுத்த போன் ராதாகிருஷ்ணனிடமிருந்து வந்தது. கோயில் தலைவர்தான் தோட்டத்து நிர்வாகத்திலும் பெரிய கை. அவர் இவரைக் காய்ச்சியிருந்தார். “புனிதா, கோயிலுக்கு ஒரு மூடி போட்டுரு மா. இப்பவே.”

மூடி என்று அவர்கள் சொல்வது ஒரு கோடுதான். கேமராப் படத்தில் ஒரு பகுதியைச் சுற்றிக் கோடு இழுத்துவிட்டால் அதற்குள் என்ன நடந்தாலும் மெஷின் கண்டுகொள்ளாது. புனிதா கோயிலைச் சுற்றிக் கோடு போட்டாள். புகை மேலே போகுமே என்று கோயில் கோபுரத்துக்கு மேலும் தாராளமாக இழுத்தாள். அக்காவின் வேண்டுதல் இரண்டாம் தடவையும் கெட்டுவிடக் கூடாதே என்ற பதைப்பு. ஆனால் படத்தில் மேலே என்பது தரையில் பின்னால். கோபுரத்துக்கு மேலே படத்தில் தெரிந்தது வானம் மட்டுமல்ல. பின்னால் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் தகரக் கூரைகளும், அதற்கும் பின்னால் கம்புட் காடும் அந்தக் கோட்டுக்குள் அடங்கிப் போயின. அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஒரு ராத்திரிதானே, விடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அன்று ரமணி பூ மிதித்தாள்.

மறுநாள் காலை மூடியை எடுக்கப் போனபோது ராதாகிருஷ்ணன் தடுத்தார். அவர் திரையில் ஒரு வரைபடக் கோடு சறுக்குமரம் போல இறங்கியிருந்தது. அதைக் காட்டிச் சிரித்தார்.

“பழைய ரெக்கார்டிங்கையெல்லாம் மூடியோட ஓட்டிப் பாத்தேன். பொய் அலாரம் எப்படிக் கொறையுது பாரு. வெள்ளிக்கெழம சாம்பிராணி, குப்பை கொளுத்துறது, எல்லாம் அந்த மூலையிலதான் நம்மள நாறடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இருக்கட்டும் லா.”

“பாஸ், பின்னால கம்புட் இருக்கு.”

“அங்க என்னைக்குத் தீ புடிச்சிருக்கு? கவர்ன்மெண்ட் புரொஜெக்ட் வரப் போவுது. இந்த நம்பரோட போனாத்தான் எடுபடும். அதுக்கப்புறம் எடுத்துக்கலாம்.”

சொன்னதோடு விடவில்லை. அமைப்பை மாற்றும் அனுமதியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். புனிதா மறுபடி கேட்டாள், அதற்கப்புறமும் ஒரு தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் அந்த வரைபடத்தைத் திறந்து காட்டினார். கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டாள். தினமும் ஒரே மனிதனிடம் போய் நிற்பது சலித்துவிட்டது. சலித்துவிட்டது என்பதை நினைத்தால் இப்போது அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லயமே சோறு தின்றுவிட்டு உறங்குகிற நேரத்தில், கம்புட் காட்டில் புகை எழுந்தது. மெஷினுக்கு அங்கே கண்ணில்லை. காற்று இறங்கியதும் புகை அப்படியே படுத்துக்கொண்டு கூரைகளுக்கு அடியில் நுழைந்தது. லயத்து ஜனம் இருமிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது. இழுப்புக்காரியான ரமணி பாதி வழியில் விழுந்தாள். யாரோ போன் போட்டுச் சொன்ன பிறகே தண்ணீர் லோரி வந்தது.

வார்டிலிருந்து ஆபீசுக்குத் திரும்புகிற வழியில், காரில், ராதாகிருஷ்ணன் தன் யோசனையைச் சொன்னார். சொல்லும்போது குரலில் ஒரு துள்ளல்.

“மூடிய எடுத்துட்டு ஞாயித்துக்கெழம ரெக்கார்டிங்க திரும்ப ஓட்டிப் பாரேன். புடிக்குதான்னு பாப்போம்.”

ஆபீசுக்கு வந்ததும் புனிதா ஓட்டிப் பார்த்தாள். புகை நூல் போல எழும்பிய முதல் கணத்திலேயே சிவப்புக் கட்டம் விழுந்தது. மனிதக் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியாத நேரம் அது. லயத்தில் கடைசிப் பிள்ளையைக்கூட நடத்தியே வெளியே கூட்டி வந்திருக்கலாம், அவ்வளவு நேரம் இருந்தது. அவள் எழுந்து கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்தபோது ராதாகிருஷ்ணன் அந்தச் சிவப்புக் கட்டத்தின் முன்னால் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

“போன் வர்றதுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னாடியே. கவர்ன்மெண்ட் ஆளுங்களுக்குப் போடுற ஷோவுல இதத்தான் ஓட்டுறோம். நேரலையில புடிச்ச மாதிரி.”

“நேரலையில புடிக்கலையே பாஸ்.”

“புடிச்சிருக்கும்ல? மெஷினுக்குத் திறமை இருக்கா இல்லையா? அதத்தான காட்டுறோம். இது என்ன பொய்?” நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “யோசிச்சுப் பாரு மா. இந்த புரொஜெக்ட் கெடைச்சா இன்னும் பத்து எடத்துல கேமரா வைப்போம். எத்தனை உசுரு. அக்காவையும் மேடையில ஏத்துறோம். ரெண்டே வார்த்தை, மெஷின்தான் காப்பாத்துச்சுன்னு. அழுதாங்கன்னா இன்னும் நல்லது.”

புனிதா அவரைப் பார்த்தாள். பல்லிடுக்கில் திராட்சைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த மனிதரோடு ஒரே அறையில் இத்தனை காலம் மூச்சு விட்டிருக்கிறோமே என்று உடம்பு கூசியது. ஆனாலும் அவர் சொன்ன அந்தப் பத்து இடம் அவளை உறுத்தியது. அங்கேயும் லயங்கள் இருக்கும், லயங்களில் இழுப்புக்காரர்கள் இருப்பார்கள். மெஷின் நல்ல மெஷின்தான். ஆனால் இதே ஆளின் கையில் இருந்தால் அங்கேயும் ஒரு கோயில் வரும், அங்கேயும் ஒரு மூடி விழும்.

அக்காவிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை கிள்ளானுக்குப் போனாள். முதல் தடவை ரமணி பக்கத்துக் கட்டில்காரியிடம், “என் தங்கச்சி செஞ்சது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை, மேடையில் கட்டுவதற்கு அரக்குச் சேலை நன்றாக இருக்குமா என்று கேட்டாள். இரண்டு தடவையும் புனிதா ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

ஷோவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம் பிடித்திருந்தார்கள். காலையிலேயே வாசலில் ராதாகிருஷ்ணனின் ஆளுயரப் படம் நின்றது. உள்ளே நெய் வாடையும் அத்தர் வாடையும் கலந்து மூக்கைத் துளைத்தது. கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுத் தீயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் அரசாங்கத்து ஆட்கள், பக்கத்தில் அந்தக் கோயில் தலைவர். ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்துவதும், போர்த்தியதைப் படம் எடுப்பதும், போர்த்தியவருக்குத் திரும்பப் போர்த்துவதுமாகவே நெடுநேரம் போனது. ரமணிக்கும் ஒன்று போர்த்தினார்கள். ஜரிகை மினுங்கும் அந்தத் துணிக்குள் அவள் ஒடுங்கிப் போய் உட்கார்ந்திருந்தாள். தொண்டையில் சளி கட்டிக்கொண்டிருந்தது. துப்ப இடமில்லை.

ராதாகிருஷ்ணன் குனிந்து அவள் காதருகே சொன்னது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த புனிதாவுக்கும் கேட்டது. “அக்கா, மேடையில மட்டும் இருமிராதீங்க. பாக்குறதுக்கு அசிங்கமா இருக்கும்.”

ரமணி தலையை ஆட்டி, வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

புனிதாவின் விரல் கம்ப்யூட்டர் மேல் இருந்தது. அதில் வேகமாக ஓடும்படி சுருக்கிய இரண்டு வீடியோ இருந்தன. ஒன்று மூடியை எடுத்துவிட்டு ஓட்டியது. இன்னொன்று அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது நடந்தபடி. அக்காவின் இறுகிய வாயைப் பார்த்தாள். இரண்டாவதை அழுத்தினாள்.

பெரிய திரையில் கோயில் கோபுரம் தெரிந்தது. அதன் பின்னால் தகரக் கூரைகள், அதற்கும் பின்னால் கரும்பச்சைக் காடு. மூலையில் பச்சை விளக்கு, பக்கத்தில் ‘புகை இல்லை’ என்ற எழுத்து. காட்டின் விளிம்பில் ஒரு நூல் எழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. நூல் கயிறானது. ராதாகிருஷ்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சிவப்புக் கட்டத்துக்காகக் காத்திருந்தார். “இப்ப பாருங்க,” என்றார். கயிறு விரிந்து சாம்பல் நிறத்தில் ஊதிப் பெருத்தது. “இப்ப வரும்,” என்றார். விளக்கு பச்சையாகவே எரிந்தது.

அவர் புனிதாவின் பக்கம் சாய்ந்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, குரலில் இல்லை. “அது இல்ல. மத்தத போடு.”

புனிதா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திரையில் புகை படுத்தது. முதல் கூரை மறைந்தது, அடுத்த கூரை மறைந்தது. ரோட்டில் எறும்பு மாதிரி ஆட்கள் ஓடினார்கள். மண்டபத்தில் பேச்சு அடங்கிவிட்டது. ரமணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“புனிதா, அது எங்க லயம்தானே?”

“ஆமாக்கா.”

“புகை வீட்டுக்குள்ளயே வந்துருச்சே. ஏன் இன்னும் பச்சையா இருக்கு?”

“சின்ன டெக்னிக்கல் புரோப்ளம்,” என்று மைக்கில் சொன்னார் ராதாகிருஷ்ணன். “ஒரு நிமிஷம், எல்லாரும் கேசரி எடுத்துக்குங்க.”

புனிதா எழுந்தாள். மைக் வேண்டியிருக்கவில்லை. “தீமிதி அன்னைக்கு லோரி திரும்ப வரக் கூடாதுன்னு அந்த எடத்த நான் மூடினேன்க்கா. மெஷின் கண்ணுக்குத் தெரியாத மாதிரி. பின்னால இருந்த லயத்தையும் சேத்து மூடிட்டேன். மறுநாளே எடுக்கணும்னு கேட்டேன். இவரு விடல. மூடி இருந்தா நம்பர் அழகா இருக்குன்னு வச்சுக்கிட்டாரு. அன்னைக்கு மெஷின் யாரையும் காப்பாத்தல.”

கோயில் தலைவர் கேசரித் தட்டை நாற்காலிக்கு அடியில் வைத்தார். அரசாங்கத்து ஆட்களில் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே எதையோ பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

ரமணி தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் புனிதா தலையைக் குனிந்தாள். மன்னிப்பும் அதில் இல்லை, கோபமும் இன்னும் வந்து சேரவில்லை. “நீ வந்து சொல்லியிருக்கணும்டி. கட்டில்லயே சொல்லியிருக்கணும்.”

“ஆமாக்கா.”

“என்னைய விட்டு அந்தப் பொய்யச் சொல்ல வைக்க இருந்தீங்க.”

இதை அவள் தங்கையிடம் சொன்னாளா, அவரிடம் சொன்னாளா என்று யாருக்கும் தெரியவில்லை. மெதுவாக நடந்து ராதாகிருஷ்ணனின் எதிரே போய் நின்றாள். நடந்ததிலேயே இருமல் கிளம்பிவிட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்த இருமல், அடிவயிற்றிலிருந்து வந்தது. தோளில் கிடந்த பொன்னாடையை உருவி வாயில் வைத்து, தொண்டையைக் காறி, ஜரிகையின் நடுவில் அத்தனையையும் துப்பினாள். கறுத்த சளி மினுங்கும் துணியில் கொழகொழவென்று இறங்கியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

ரமணி அவசரப்படாமல் துணியை நான்காக மடித்தாள். ராதாகிருஷ்ணனின் மைக் இல்லாத கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, அதை வைத்தாள்.

“இந்தாங்க சார். இதையும் ஒரு படம் எடுத்துக்குங்க.”